கொதித்துப்போன கேவுரு

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பீர் காய்ச்சினார். அது உருப்படாமல் போனதற்கு நான்தான் காரணம். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கம் ஒன்றும் இல்லை. அன்றைக்கும் பெரிதாக இருந்ததாக ஞாபகம் இல்லை. வயிறு எரிந்துகொண்டிருப்பவளுக்கு வெட்கம் எங்கிருந்து வரும்?

ஐம்பதுகளின் நடுவில் அவர் மாவலிபுரத்து டிராவலர்ஸ் பங்களாவில் சமையல்காரராக இருந்தார். சிற்பங்களைப் பார்க்க வரும் ஆபீசர்களும் வெள்ளைக்காரர்களும் அங்கே தங்குவார்கள். பங்களாவுக்குப் பின்னால், சவுக்குத் தோப்பை ஒட்டி, எங்களுக்கு ஒரு அறை. அறைக்கும் பங்களா சமையல்கட்டுக்கும் நடுவே ஒரு கிணறு, அவ்வளவுதான் தூரம். ஆனால் அந்தச் சமையல்கட்டுக்குள் நான் போகக் கூடாது. "உள்ள வராத. கெஸ்ட்டுங்க பாத்தா நல்லா இருக்காது" என்பார். அம்மி அரைப்பது, மீன் ஆய்வது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் எனக்குக் கிணற்றடியோடு சரி. உள்ளே அவர் ஆம்லெட் போடுவார், புட்டிங் செய்வார், எதை எதையோ மேலே தூவி நீட்டுத் தட்டில் வைத்துக்கொண்டு முன்பக்கம் போவார். மிச்சம் இருந்தால் எனக்கு வரும்.

அவர் எனக்கு அத்தை மகன். மாமா என்றுதான் கூப்பிடுவேன். சண்டைக்காலத்தில் பட்டாளத்து மெஸ்ஸில் சமையல் கற்றுக்கொண்டு வந்தவர். பட்லர் இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார். தமிழ்தான் வராது, அதாவது வீட்டுக்குள் வராது. காலையில் "தண்ணி மொண்டியா", ராத்திரியில் "கதவ சாத்து". இதற்கு நடுவில் அவர் வாயிலிருந்து பத்து வார்த்தை விழுந்தால் அன்றைக்கு மழை வரும் என்று நான் கேலி செய்வேன். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அதைப் பற்றியும் அவர் ஒன்றும் பேசியதில்லை. குறை சொல்லவில்லையே என்று என் அம்மா சந்தோஷப்பட்டாள். எனக்கோ, குறையாவது சொல்லட்டுமே என்று இருந்தது.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒரு துரைசாணி வந்தாள். இங்கிலாந்துக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும், தனியாக வந்தாள். சிற்பங்களைப் போட்டோ பிடித்துப் புத்தகம் போடப்போகிறாளாம், இரண்டு மாதம் தங்குவாளாம். குளிக்கிற அறையின் ஜன்னலில் கறுப்புத் துணி அடித்து, உள்ளேயே படம் கழுவினாள். கால்சட்டை போட்டிருந்தாள். அதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை. மூன்றாம் நாள் காலையில் காப்பிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்குள் நுழைந்தாள் பாருங்கள், அதுதான். எந்த கெஸ்ட்டும் அதுவரை அங்கே வந்ததில்லை. என்னை வாசற்படி தாண்ட விடாத மனுஷன் அவளுக்கு ஒரு முக்காலியைத் துடைத்து எடுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு தினமும் அந்த முக்காலி அவளுடையதாகிவிட்டது. காலையில் வெயில் ஏறும்வரை படம் பிடிப்பாள். திரும்பி வந்ததும் சமையல்கட்டு. நான் கிணற்றடியில் அம்மியோடு உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து பேச்சுக் கேட்கும். அவர் குரல்தான் அதிகம் கேட்கும்! எனக்குப் புரியாத பாஷையில் என் வீட்டுக்காரர் நிறுத்தாமல் பேசினார், சிரித்தார், ஒருநாள் ஏதோ பாடிக்கூடக் காட்டினார். தேங்காயை நான் அன்றைக்கு அரைத்த அரைப்பில் அம்மி தேய்ந்திருக்க வேண்டும்.

தப்பாக ஒன்றும் நடந்ததாக நான் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போய்க் கொண்டையைப் பிடித்திருப்பேன். அவர்கள் பேசியது கோழியை எப்படி வாட்டுவது, சாஸ் எப்படித் திரியாமல் இருக்கும், இதெல்லாம்தான். அந்தப் பேச்சில்தான் எனக்குப் பங்கு வேண்டும் என்று இருந்தது. சமையலைப் பற்றி எனக்குத் தெரியாதா? நான் என்ன அடுப்பைக் கண்ணால் பார்க்காதவளா?

பீர் பேச்சு எப்படி வந்தது என்றால், அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. கள்ளும் சாராயமும் ஒளிந்துகொண்டுதான் கிடைக்கும். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் பர்மிட் உண்டு, அதுவும் கணக்காக இத்தனை பாட்டில் என்று. அவள் பங்கு பாதி மாதத்தில் தீர்ந்துவிடும். பிறகு சோடா குடித்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வாள். அவள் அப்பா கிராமத்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவாராம். தானியத்தை முளைகட்டுவதிலிருந்து எல்லாம் தானே செய்வாராம். சின்ன வயதில் இவள் கூட நின்று கிளறியிருக்கிறாளாம். இதை அவர் எனக்கு வந்து சொன்னார். அவள் வந்த பிறகு அவர் தானாக வந்து என்னிடம் சொன்ன முதல் சமாசாரம் அதுதான்.

"பார்லிய முளைக்க வெச்சி, காய வெச்சி, ஒடைச்சி, பதமான சுடுதண்ணில ஒரு மணி நேரம் ஊற வெக்கணுமாம். அப்ப அதுல இருக்கற மாவு தானா இனிப்பா மாறிடுமாம். அத வடிச்சி, கசப்புக்கு இன்னாவோ போட்டுக் காச்சி, ஆற வெச்சி, ரொட்டிக்குப் போடற ஈஸ்ட்டு போட்டா பொங்கிடுமாம். சீமை பீரு!" என்றார். கண் அப்படி மின்னியது.

"புடிச்சினு போனா இன்னா பண்ணுவ?" என்றேன்.

"இங்க யாரு வரப்போறா?"

"பர்மிட்டு அவளுக்குக் குடிக்கத்தான. காச்சறதுக்கு யார் குடுத்தா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றார். பேச்சு முடிந்தது.

செங்கல்பட்டில் சினிமா பார்க்க ஒரு அரைநாள் லீவு போடச் சொல்லி நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் "வேலை போயிடும்" என்பார். அந்த வேலையை இப்போது ஒரு பானைத் தண்ணீருக்குப் பந்தயம் வைக்கிறார். எனக்கு எப்படி இருக்கும்?

செங்கல்பட்டுக்குச் சைக்கிளில் போய் பார்லி வாங்கி வந்தார். ஜுரக்காரர்களுக்குக் கஞ்சி வைக்கிறார்களே, அந்த வெள்ளை வெளேர் பார்லி அரிசி. கடையில் வேறு பார்லி கிடையாது. அதை ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி, இரண்டு பேரும் வேளைக்கு ஒரு தரம் அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்தார்கள். எனக்கு அதைக் கண்டதுமே தெரியும். தீட்டின தானியம் எங்காவது முளைக்குமா? முளை கிளம்புகிற மூக்கே அதில் இல்லையே. அரிசியை விதைத்து நெல் அறுக்க உட்கார்ந்த மாதிரிதான். கழனிக்காரர் வீட்டுப் பெண் நான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை யார் கேட்டார்கள்? நாலு நாள் அந்த மூட்டையை அவர்கள் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைக் கிணற்றடியிலிருந்து ரசித்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் அது நாறி, துணியோடு குழியில் போட்டு மூடினார்கள். அந்த வாரத்தில் நான் நன்றாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலம் அவர் என்னிடம் வந்து நின்றார். தலையைச் சொறிந்தார்.

"இந்தாமே, நம்ம கேவுரு முளைக்குமில்ல?"

"நம்ம கேவுரா? என் கேவுரு" என்றேன்.

திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் கொல்லைநிலம் இருந்தது. அதில் விளைகிற கேழ்வரகில் ஒரு மூட்டை வருஷா வருஷம் எனக்கு வரும். எங்கள் ஊரில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் முளைகட்டின கேவுரு மாவு என் கையால்தான் வேண்டும் என்பார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படி. மாவலிபுரம் வந்த பிறகும் ஆள் அனுப்பிக் கேட்பார்கள். என் மடியில் குழந்தை இல்லாவிட்டாலும் ஊர்க் குழந்தைகள் பாதி என் மாவில் பல் முளைத்ததுகள். அந்தப் பெருமை ஒன்றுதான் எனக்கு இருந்தது. அதை யாரும் என்னிடமிருந்து எடுத்துவிட முடியாது என்று நினைத்திருந்தேன்.

அந்த மூன்று நாளும் நான் ராணி. கேழ்வரகைக் கல் பொறுக்கி, அரித்து, ஒரு நாள் பூராவும் ஊறவைத்தேன். தண்ணீரை வடித்து வெள்ளைத் துணியில் கட்டி, மேலே பலகையும் கல்லும் ஏற்றினேன். வேளை தவறாமல் தெளித்தேன். இரண்டாம் நாள் துணியின் கண்களைத் துளைத்துக்கொண்டு வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. துரைசாணி எங்கள் அறைக்கே வந்தாள். குனிந்து, நாலு மணியைக் கையில் எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்து, என் தோளைத் தட்டி "குட், குட்" என்றாள். அப்போது எனக்கு அவளைப் பிடித்துக்கூடப் போயிற்று. சிரித்தேன். அவள் மூக்குமேல் இருந்த மச்சம்கூட அழகாகத்தான் இருந்தது. வெயிலில் காயவைத்து, தேய்த்து முளையை உதிர்த்து, அவள் கேட்டபடி ரவை மாதிரி ஏந்திரத்தில் உடைத்துக் கொடுத்தேன். அவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு, "வாசனை தூக்குது" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார், தமிழில்.

காய்ச்சுகிற நாளன்று நான் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு சமையல்கட்டு வாசலில் போய் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். "நீ கிணத்தாண்ட இரு. வேணும்னா கூப்புடறேன்" என்றார். முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். என் கேவுரு அவள் மடியில், முறத்தில் இருந்தது.

நான் கிணற்றடிக்குப் போனேன். மூன்று நாள் தணிந்திருந்தது அத்தனையும் சேர்த்து எரிந்தது.

ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. ஈயம் பூசின பெரிய அண்டாவில் தண்ணீரைச் சுடவைத்தார்கள். படம் கழுவுகிற தண்ணீருக்குச் சூடு பார்க்க அவளிடம் ஒரு கண்ணாடித் தர்மாமீட்டர் இருந்தது. அதில் ஓரிடத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தார்கள். சூடு அந்த நூலடியிலேயே நிற்க வேண்டும். ஏறவும் கூடாது, ரொம்ப இறங்கவும் கூடாது. மாவைக் கொட்டிக் கிளறினார்கள். அவர் விறகை இழுக்க, அவள் நூலைப் பார்த்து ஏதோ சொல்ல, அவர் மறுபடி விறகைத் தள்ள, இரண்டு பேரும் ஒரு அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, முன்பக்கம் ஜீப் சத்தம் கேட்டது. முன்னறிவிப்பில்லாமல் யாரோ ஒரு பெரிய ஆபீசர், கூடவே டவாலிச் சேவகன். என் வீட்டுக்காரர் முகம் வெளிறிப்போயிற்று. அடுப்பில் அண்டா, அதுவும் மதுவிலக்கு நாளில். துரைசாணி சட்டென்று எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் ஓடினாள். அவர் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கைகாட்டினார்.

"சீக்கிரம் வா, உள்ள வா. இத பாத்துக்கோ. நூலுக்கு மேல ஏறக்கூடாது. ஏறினா விறக இழு. நான் அந்தாளக் காப்பி குடுத்து அனுப்பிட்டு வர்றேன்."

நாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சமையல்கட்டுக்குள் அவர் கூப்பிட்டு நுழைந்தேன். அவள் முக்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து கம்பிவலை ஜன்னல் வழியாக வராந்தா தெரிந்தது.

ஆபீசர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். துரைசாணி தன் போட்டோக்களைப் பரப்பி, உரத்த குரலில் பேசி, அந்த மனுஷனைப் பின்பக்கம் திரும்பவிடாமல் பிடித்து வைத்திருந்தாள். என் வீட்டுக்காரர் காப்பித் தட்டோடு நின்றார். ஆபீசர் ஒரு படத்தைப் பார்க்கக் குனிந்தபோது, அவர் தலைக்கு மேலே அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவரும் அடக்கினார். அடுத்த வீட்டு மாங்காயைத் திருடிக்கொண்டு வந்த பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்களே, அந்தப் பார்வை. வேறு ஒன்றும் இல்லை. ஆனால் என்னோடு அவர் அப்படி ஒரு ரகசியம் வைத்துக்கொண்டதே கிடையாது. ஒரு மாங்காய்கூடத் திருடியதில்லை.

நான் எழுந்து இரண்டு சவுக்குக் கட்டையை அடுப்பில் திணித்தேன். ஊதுகுழலை எடுத்து ஊதினேன்.

மாவு வேகாமல் கிடக்கிறது, கஞ்சி என்றால் கொதிக்கத்தானே வேண்டும், எந்த வீட்டில் கேவுருவைப் பச்சையாக விட்டு வடிக்கிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் யாராக இருந்தாலும் கை தானாக விறகைத் தள்ளியிருக்கும் என்பது நிஜம். ஆனால் நான் கைப்பழக்கத்தில் செய்யவில்லை, தெரிந்தே செய்தேன். கொதித்துவிட்டால் மாவு இனிப்பாக மாறாது, அதற்குத்தான் நூல் கட்டியிருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தர்மாமீட்டர் வெடித்துவிடப்போகிறதே என்று அதை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் ஊதினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அண்டா ஓரத்தில் நுரை கட்டியது. பிறகு நடுவில் பொளக், பொளக் என்று கொப்புளம் வெடித்தது. கூழ் இறுகிற்று. நன்றாகக் கொதிக்கட்டும் என்று நின்று பார்த்தேன். மனசு குளிர்ந்தது.

அதற்கப்புறம்தான் பயம் வந்தது. விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தேன். இரண்டு மூன்று சொம்பு கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கிளறிக் கிளறி ஆற்றினேன். ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டபோது தர்மாமீட்டரைத் திரும்ப விட்டேன். நூலுக்குச் சரியாக வந்திருந்தது. கேட்டால் சொல்வதற்குப் பதில்கூட வைத்திருந்தேன். ஆபீசர் பின்னால் வந்துவிட்டால் கூழ் என்று காட்டலாமே என்று கொதிக்கவிட்டேன் என்று சொல்லலாம். நல்ல பதில். யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நான் கிணற்றடிக்கு நகர்ந்துவிட்டேன். துரைசாணி கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதிக் குடித்தாள். அவள் முகம் மாறியது. இனித்திருக்க வேண்டும், இனிக்கவில்லை. தர்மாமீட்டரைப் பார்த்தாள், மறுபடி ருசி பார்த்தாள், ஏதோ கேட்டாள். அவர் கரண்டியை வாங்கிக் கிளறினார். அண்டாவின் உள்விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த ஆடையை விரலால் சுரண்டினார். அடுப்புக்கு வெளியே கிடந்த ஈரக் கட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கிணற்றுக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்பார், பதிலைச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. அவள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினார். இரண்டு மாதமாகக் காதில் விழுந்து விழுந்து எனக்கும் நாலு வார்த்தை தெரிந்திருந்தது. "கிரெயின்" என்றார். "ஓல்டு" என்றார். "நோ குட், மேடம்" என்றார்.

அப்பாடா, இவருக்குப் புரியவில்லை, தப்பித்தேன் என்றுதான் முதலில் இருந்தது. அந்த நிம்மதி அரிசி களைந்து உலை வைக்கிறவரை இருந்தது. பிறகு மெல்ல மெல்ல உறைத்தது. யார் கேவுரு பழையது? எந்தக் கேவுரு சரியில்லை? அந்தத் தை மாதம் அறுத்த கேவுரு அது. என் அப்பா தலையில் சுமந்து வந்து இறக்கினது.

அவர்கள் விடவில்லை. அந்தக் கூழை வேட்டித் துணியில் போட்டுப் பிழிந்து, வந்தவரைக்கும் எடுத்து, கசப்புக்கு நிலவேம்பு போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, செங்கல்பட்டு ரொட்டிக்கடையிலிருந்து வாங்கி வந்திருந்த ஈஸ்ட்டைக் கலந்து ஊறுகாய் ஜாடியில் ஊற்றி வைத்தார்கள். தினமும் துணியை விலக்கிப் பார்த்தாள் துரைசாணி. முதல் நாள் நாலு குமிழி வந்தது. பிறகு அதுவும் இல்லை. பார்க்கும்போதெல்லாம் "கிரெயின், கிரெயின்" என்று உச்சுக்கொட்டினாள். நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதியும் வைத்தாள். என் கேவுருவைப் பற்றி எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் நாள் ஒரு கிளாஸில் ஊற்றி இரண்டு பேரும் குடித்துப் பார்த்தார்கள். புளித்த கசப்புத் தண்ணீர். அவள் வெளியே வந்து மணலில் துப்பினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் அவர் கிணற்றடிக்கு வந்தார்.

"இன்னொரு தபா செய்யலாங்கறாங்க. இந்தத் தபா செங்கல்பட்டு மண்டில வாங்கியாறேன்."

"இன்னாத்த?"

"கேவுருதான்."

"மண்டிக் கேவுரா? யாரு முளைகட்டறது?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல், "பாத்துக்கலாம். அவங்களுக்கும் நீ கட்டினதப் பாத்துப் பழகிடுச்சி. நானும் அவங்களும் கட்டிக்கறோம்" என்றார்.

அண்டாவில் என்ன கொதித்ததோ அது என் தலைக்குள் கொதித்தது. அவர் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். நான் ஈரக் கையோடு பின்னாலேயே போனேன். வராந்தாவில் துரைசாணி படங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் எதிரில் போய் நின்றேன். அவர் "இன்னா, இன்னா இங்க?" என்று பதறினார்.

"கேவுருல குத்தம் இல்ல" என்றேன் அவளைப் பார்த்து. "நல்ல கேவுரு. நான்தான் கொதிக்க வுட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. நான் விறகைத் தள்ளுவது போலக் காட்டினேன். ஊதுகுழல் பிடித்து ஊதிக் காட்டினேன். கொதிப்பதைக் கையால் காட்டினேன். பிறகு என் நெஞ்சைத் தட்டி, "நான்" என்றேன். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லு மாமா, நான் சொன்னத அப்பிடியே சொல்லு. ஆபீசர் வந்த பயத்துல இல்ல, வயித்தெரிச்சல்ல செஞ்சேன்னு சொல்லு. நீ ரெண்டு மாசமா அவங்களாண்ட பேசறதுல பாதி என்னாண்ட பேசியிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்னும் சொல்லு."

அவர் தட்டை மேஜைமேல் வைத்தார். பிறகு சொன்னார். எல்லாவற்றையும் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் நிறையச் சொன்னார். துரைசாணியின் முகம் சிவந்தது. எனக்கு ஒரு அறை விழும் என்றுகூட எதிர்பார்த்தேன். அவள் என்மேல் கோபப்படவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள், சின்னக் கேள்வி.

அவர் தரையைப் பார்த்து, "எஸ் மேடம்" என்றார்.

அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு அந்த "எஸ்"ஸில் விளங்கிவிட்டது. உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். படங்களை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் நான் அந்த ஜாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து கிணற்று மேடையில் உட்கார்ந்தார். அடிப்பார், ஊருக்குப் போ என்பார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அடிக்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நான்தான் ஆரம்பித்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அண்டாவப் பாத்ததுமே. பட்டாளத்துலேர்ந்து அடுப்பாண்டதான் நின்னுகினு கீறேன். கொதிச்சதா கொதிக்கலயான்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் கேவுரு மேல பழியப் போட்ட?"

"வேற யாரு மேல போடறது? உன் மேலயா?" என்றார். "அவங்க இன்னிக்கி இருப்பாங்க, நாளைக்கிப் போயிடுவாங்க. அவங்களாண்ட எம் பொண்டாட்டி இப்பிடிப்பட்டவன்னு சொல்லணுமா நானு? கேவுரு நல்லாத்தான் இருந்துச்சி. அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவங்களுக்கு இன்னாத்துக்குத் தெரியணும்?"

"அப்ப ஏன் அவளும் நீயும் முளைகட்டறோம்ன?"

"மறுபடியும் நீ கொதிக்க வுட்டுட்டா, மறுபடியும் இன்னா பொய் சொல்றதுன்னு பயந்தேன்" என்றார்.

ஜாடியைக் கீழே வைத்தேன். இரண்டு மாதமாக எதைக் கேட்க ஏங்கிக்கொண்டிருந்தேனோ அது அதுதான். அவளா நானா என்று வந்தபோது அந்த மனுஷன் ஒரு நொடிகூட யோசிக்காமல் என் பக்கம் நின்றிருக்கிறார். அவளிடம் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். ஐந்து நாளாக அவரும் நானும் ஒரு ரகசியத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம், எனக்குத் தெரியாமலே. அதை நான்தான் அவள் முன்னால் கொண்டுபோய்ப் போட்டு உடைத்தேன். கேவுருவின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அவரைப் பொய்யனாக்கிவிட்டு வந்து ஜாடி தேய்க்கிறேன். என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுதேன். அவர் எழுந்து போய் விளக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

துரைசாணி அதற்குப் பிறகு ஒரு வாரம் இருந்தாள். சமையல்கட்டுப் பக்கம் வரவில்லை. வராந்தாவிலிருந்தபடியே வெந்நீர், முட்டை, காப்பி என்று கேட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்தால் தலையசைப்பாள். அவரிடம்தான் முகம் கொடுக்கவில்லை. அவர் முன்பு போலவே வெள்ளைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, புட்டிங் செய்து, தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பினார். உள்ளே இப்போது பேச்சுச் சத்தம் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன்.

பங்களாவில் தங்கிப் போகிறவர்கள் எழுதி வைக்கிற புத்தகம் ஒன்று உண்டு. எல்லாரும் சாப்பாட்டைப் பற்றி இரண்டு வரி எழுதுவார்கள். அவர் அதை யாருக்காவது படித்துக் காட்டுவார். அவள் கார் கிளம்பிப் போனதும் போய்த் திறந்து பார்த்தார். பேரும் தேதியும் மட்டும் இருந்தது. மூடி வைத்துவிட்டு வந்தார். "இன்னா எழுதியிருக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணும் எழுதல" என்றார். நல்லபடியாக எழுதியிருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம், நான் என்ன படிக்கவா போகிறேன்.

பிறகு எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவர் பங்களா வேலையை விட்டு, செங்கல்பட்டில் ஓட்டல் வைத்து, நானும் அவரோடு அடுப்படியில் நின்று, முப்பது வருஷம் சேர்ந்து சமைத்தோம். வீட்டிலும் முன்னைவிடப் பேசினார். குழம்பில் உப்பு அதிகம் என்றால் அதிகம் என்பார், யார் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி. கேட்டதற்கெல்லாம் நிஜமான பதில்தான் வரும். அந்த மத்தியானத்துக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. எனக்காகவும் சொன்னதில்லை.